டர்பனில் வண்டி இடித்தால்: ஊர்ப் பழக்கத்தில் செய்யும் தவறுகள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், நாலு பக்கமும் ஸ்டாப் பலகை வைத்த சந்திப்பில் எங்கள் காரும் ஒரு பக்கியும் (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மோதிக்கொண்டன. ஓட்டியவன் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு வாரமே ஆன என் மச்சினன். இறங்கியதும் அவன் வாயில் வந்த முதல் வார்த்தை: "ஸாரி, என் தப்புதான், ஆகிற செலவைத் தந்துவிடுகிறேன்."

ஆனால் தப்பு அவனுடையதே இல்லை. இந்தச் சந்திப்புகளில் யார் முதலில் வந்து கோட்டில் நின்றாரோ அவர்தான் முதலில் போகலாம். வண்டி பெரிதா சிறிதா, ஹாரன் அடித்தது யார் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. அவன் ஒழுங்காக நின்றுவிட்டுத்தான் கிளம்பினான். பக்கி நிற்காமலே உருண்டு வந்தது. விதி தெரியாததால் பழியை அவனே தலையில் போட்டுக்கொண்டான். காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று பெரும்பாலான பாலிசிகளில் நிபந்தனை உண்டு. அடிபட்டதா என்று கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள், ஆம்புலன்ஸுக்கு 10177 அழையுங்கள். யார் தப்பு என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

தப்பு முழுக்க ஒருவர் மேல்தான் விழ வேண்டும் என்பதும் இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அதைச் சதவீதத்தில் பிரிப்பார்கள். உங்கள் சேதம் 40,000 ராண்ட், உங்கள் பங்குத் தப்பு 30 சதவீதம் என்றால், எதிராளியிடமிருந்து 28,000தான் கேட்க முடியும். பின்னால் வந்து இடித்தவர் மேல்தான் தப்பு என்பது பொதுவாகச் சரி, ஆனால் முன்னால் இருந்தவர் ரிவர்ஸ் எடுத்திருந்தால் கதை மாறும். அதனால் வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள்: ஸ்டாப் கோடு, சக்கரம் திரும்பியிருந்த பக்கம், சிதறிய கண்ணாடி. அப்புறம் எதிர் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்டமான லைசென்ஸ் டிஸ்க். பதிவு எண் அதிலேயே இருக்கும். அவர் வாயால் சொல்லும் எண்ணை நம்ப வேண்டியதில்லை. முனையில் சமோசா விற்றுக்கொண்டிருந்த ஆன்ட்டியின் போன் எண்ணை நான் வாங்கி வைத்தேன். அன்று நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

யாருக்காவது அடிபட்டிருந்தால், டிராபிக் அதிகாரி சொல்லும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. சாலை முழுக்க அடைபட்டிருந்தால் மட்டும், நின்ற இடத்தைத் தரையில் குறித்துவிட்டு வழிவிடும் அளவுக்கு நகர்த்தலாம். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிந்து அறிக்கை எண் வாங்குங்கள். கை நடுங்குகிறது என்று பதிவதற்கு முன் ஒரு பெக் போடுவதும் சட்டப்படி குற்றம். தாங்க முடியாவிட்டால் சர்க்கரை போட்ட டீ.

நம்மவர்கள் அதிகம் குழம்புவது நஷ்டஈட்டில்தான். இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இங்கே வாகனக் காப்பீடே கட்டாயமில்லை, ஆகவே உங்களை இடித்தவரிடம் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். 'அதற்குத்தான் சாலை விபத்து நிதி இருக்கிறதே' என்பார்கள். ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலோடும் நாம் கட்டுகிற வரியில் நடக்கும் அந்த நிதி உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே. நசுங்கிய கதவுக்கு ஒரு செண்ட்கூட வராது. காயத்துக்கும் இன்னொரு ஓட்டுநரின் தப்பைக் காட்ட வேண்டும். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றால் ஓட்டியவருக்கு எதுவும் இல்லை. ஆனால் பின்சீட்டில் இருந்த மாமியார் கேட்கலாம். மனு கொடுக்கக் கெடு, இடித்தவர் யாரென்று தெரிந்தால் மூன்று வருடம், இடித்துவிட்டு ஓடிவிட்டால் இரண்டே வருடம். வலிக்கும் வேதனைக்கும் தனியாகப் பணம் என்பது 2008 ஆகஸ்ட் முதல் கடுமையான காயங்களுக்கு மட்டும். "நான் வாங்கித் தருகிறேன்" என்று முன்பின் தெரியாதவர் போன் செய்தால் வைத்துவிடுங்கள். மனுவை நீங்களே நேரில் கொடுக்கலாம். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று வக்கீலோடு ஒப்பந்தம் போட்டால், அவர் கட்டணம் கிடைத்த தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

லைசென்ஸ் டிஜிலாக்கரில் இருக்கிறது என்று போனை நீட்டாதீர்கள். அசல் அட்டை கையில் வேண்டும். நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால் ஒரு வருடத்துக்குள் உள்ளூர் லைசென்ஸாக மாற்ற வேண்டும். சோதனையில் நிறுத்தியவர் ஜாடையாக "கூல்டிரிங்க்" என்றால் அது லஞ்சம். கொடுப்பவரும் குற்றவாளி. அபராதச் சீட்டே கேளுங்கள், ஆனால் அதைக் கையுறைப் பெட்டியில் போட்டு மறக்காதீர்கள். கோர்ட் தேதி போட்டுக் கையில் கொடுத்த சீட்டுக்குப் பணமும் கட்டாமல் ஆஜரும் ஆகாமல் விட்டால் வாரண்ட்தான்.

அன்றைக்குப் போலீஸ் வருவதற்கு முன்பே வந்து சேர்ந்தது டோ டிரக், அதாவது இழுவை வண்டி. "மாமா, கொக்கி மாட்டறாங்க!" என்று மச்சினன் கத்தியபோது நான் போனில் இருந்தேன். எந்த யார்டு, நாளுக்கு எவ்வளவு வாடகை என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டால், காரை மீட்கும் காசில் ஒரு பம்பர் வாங்கலாம். முதலில் காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள், அவர்களே வண்டி அனுப்புவார்கள். கொக்கியைக் கழற்றச் சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் வெயிலில் காத்திருந்தோம். ஆறு வாரம் கழித்து எதிர்த்தரப்புக் கடிதம் வந்தது. அதில் மச்சினனின் "என் தப்புதான்" எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதை முறித்தது ஆன்ட்டியின் வாக்குமூலம்தான்.