மேகம் மூடினால் பூவை எடுங்கள்: இமயமலையில் படம் பிடிக்கப் பழகுகிறவர்களுக்கு

இமயமலைக்குப் போய் வந்தவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். ஐந்நூறு படம் இருக்கும், ஒவ்வொன்றைக் காட்டும்போதும் "நேரில் இதைவிட ரொம்ப நன்றாக இருந்தது" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். முதல் தடவை உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போனபோது மூன்று நாளும் விடாத மழை. வானத்தைத் திட்டிக்கொண்டே அறைக்கும் டீக்கடைக்கும் நடந்தேன். நான்காம் நாள் சுள்ளென்று வெயில் அடித்ததும் ஓடி ஓடி எடுத்தேன், ஊருக்கு வந்து பார்த்தால் அந்த வெயில் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. மழைக்கு நடுவே பொழுது போகாமல் எடுத்த இருபது படம்தான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஏன் அப்படி ஆனது என்று புரிய எனக்கு இன்னும் இரண்டு பயணம் தேவைப்பட்டது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இவ்வளவுதான்: மலையை விடியற்காலையில் எடுங்கள், பூவை மேகம் மூடியிருக்கும்போது எடுங்கள், மனிதர்களையும் வீடுகளையும் சாயங்காலம் எடுங்கள். நாளை இப்படிப் பிரித்துக்கொண்டால் சாதாரண போனே போதும்.

முதல் படி: எதற்காகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பூவும் பனிச்சிகரமும் ஒரே பயணத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போவதுதான் முதல் ஏமாற்றம். பூக்களின் பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். ஆனால் பூ அள்ளிக்கொட்டுவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான், அது மழைக்காலம், சிகரங்கள் பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும். தெளிவான வானமும் பனிமலையும் வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர். புராஞ்ஸ் என்று அங்கே சொல்லும் சிவப்பு ரோடோடெண்ட்ரான் வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரலில் அதே மாநிலத்தின் சோப்தா பக்கம் போக வேண்டும். அங்கிருந்து துங்கநாத் கோயிலுக்குப் போகும் வழியில் மரம் முழுக்கப் பூவாக நிற்கும்.

நான் இங்கே சொல்வதில் பெரும்பகுதி ஆகஸ்ட் பயணத்துக்கானது. ஜோஷிமட் தாண்டி கோவிந்த்காட், அங்கிருந்து ஜீப்பில் புல்னா, அப்புறம் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் நடந்தால் கங்காரியா. சுமார் 3,050 மீட்டர் உயரம். தங்குவது இங்கேதான், ஏனென்றால் பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதி கிடையாது, காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடுவது அங்கே சகஜம், அதனால் கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த இரண்டு நாள்தான் படத்துக்கும் உதவும்.

இரண்டாம் படி: பையில் என்ன

போன் போதும். கேமரா இருந்தால் அதோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ் போதும், தூரத்தைக் கிட்டே இழுக்க 55-250 மாதிரி ஒரு ஜூம் கிடைத்தால் சந்தோஷம். முக்காலியைத் தூக்கிக்கொண்டு 10 கிலோமீட்டர் ஏறியவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் பயணத்துக்கு அது வேண்டாம். ஒரு கல்லும் அதன்மேல் மடித்துப் போட்ட துண்டும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கட்டாயம் வேண்டியவை வேறு. மடக்குக் குடை, நல்ல ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள் நான்கைந்து, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பருத்திக் கைக்குட்டை இரண்டு, கூடுதல் பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், பகலில் சட்டையின் உள்பையிலும் இரவில் கம்பளிக்குள் உங்களோடும் அது இருக்கட்டும். கங்காரியாவில் மின்சாரத்தை நம்பி இருக்காதீர்கள், பவர் பேங்க் வேண்டும்.

ஜிப் உறை எதற்கு என்று கேட்பீர்கள். கங்காரியாவுக்கு மேலே இருக்கும் சீக்கியர் கோயிலான ஹேம்குண்ட் சாஹிப் போகும் வழியில் குளிர் தாங்காமல் அடுப்பு எரியும் ஒரு டீக்கடைக்குள் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே நுழைந்தேன். ஒரே நிமிடத்தில் லென்ஸ் முழுக்க வெள்ளையாக நீர் பூத்துவிட்டது. துடைக்கத் துடைக்கத் திரும்பவும் பூத்தது. அந்த நேரம் பார்த்து வெளியே மேகம் விலகி எதிர்ச்சரிவு முழுக்கத் தெரிந்திருக்கிறது, கூட வந்தவர்கள் எல்லாம் எடுத்துவிட்டார்கள், நான் மட்டும் ஊதிக்கொண்டு நின்றேன். குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். உள்ளே போகும் முன்பே, வெளியிலேயே, கேமராவை உறைக்குள் போட்டு மூடிவிடுங்கள். நீர் உறைக்கு வெளியே படியும். அரை மணி கழித்து எடுத்தால் ஒன்றும் ஆகாது.

மூன்றாம் படி: வெள்ளையைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பாதி படங்கள் கெடுவது இங்கேதான்.

கேமராவுக்கு ஒரு குருட்டு நம்பிக்கை உண்டு. எதிரே எது இருந்தாலும் மொத்தத்தில் அது நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று அது நினைக்கிறது. ஃபிரேம் முழுக்கப் பனி இருந்தால், "அடேயப்பா, வெளிச்சம் ஜாஸ்தி" என்று குறைத்துவிடும், பனி அழுக்கு வேட்டி மாதிரி வரும். மூடுபனியும் அப்படியே. எனவே பனியோ மூடுபனியோ நிறைந்திருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை கூட்டுங்கள். போனில் திரையைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதை மேலே இழுத்தால் கூடும்.

இதற்கு நேர்மாறாக, கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒற்றை வெள்ளை அனிமோன் பூ நிற்கிறது என்று வையுங்கள். இப்போது கேமரா பார்ப்பது பெரும்பாலும் இருட்டைத்தான். வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இலை சாயம் போய்விடும், பூ வெறும் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும், இதழில் ஓடும் நரம்பு ஒன்றுகூடத் தெரியாது. இங்கே -0.7 அளவுக்குக் குறைக்க வேண்டும்.

கூட்டுவது எப்போது குறைப்பது எப்போது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஃபிரேமில் அதிகம் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று மட்டும் பாருங்கள். வெள்ளை அதிகமென்றால் கூட்டு, கறுப்பு அதிகமென்றால் குறை. வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் முட்டையை வைத்து ஒரு படம், கறுப்புக் குடைமேல் அதே முட்டையை வைத்து ஒரு படம். பத்தே நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

நான்காம் படி: பூ

உச்சிவெயிலில் பூவை எடுக்காதீர்கள். அந்த உயரத்தில் வெயில் கத்தி மாதிரி விழும், இதழின் ஒரு பக்கம் வெளிறிப்போகும், மறுபக்கம் கறுத்துப்போகும். மேகம் மூடினால் வானமே ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி வெளிச்சத்தைப் பரப்பிவிடும், நிறம் அப்படியே வரும். 1931-ல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத்தும் கூட்டாளிகளும் மோசமான வானிலையில் கணவாயைக் கடந்து இறங்கியபோதுதான் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து விழுந்தார்கள். அவர் 1937-ல் பூக்களுக்காகவே திரும்பி வந்தார். மழை என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

சரி, எப்படி எடுப்பது? நின்றபடி கீழே குனிந்து எடுத்தால் பூ, புல், சேறு எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். உட்காருங்கள். முடிந்தால் முழங்காலிட்டு, பூ எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்துக்கு லென்ஸைக் கொண்டுபோங்கள். அப்புறம் பூவை விட்டுவிட்டு அதன் பின்னால் இருப்பதைப் பாருங்கள், ஆரம்பத்தில் யாரும் செய்யாத வேலை இது. ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால் பின்னாலுள்ள குச்சி மறைந்து தூரத்துச் சரிவின் பச்சை மட்டும் வரும். பின்னணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு மங்கி, பூ தனித்து நிற்கும்.

போனை பூவின் மூக்கில் இடிக்காதீர்கள். ஃபோகஸ் ஆகாது, போனின் நிழல் வேறு விழும். கொஞ்சம் பின்னால் வந்து 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கேமராவில் லென்ஸை 55-ல் வைத்து, எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு) 5.6 அல்லது 8, ஷட்டர் விநாடியில் 250-ல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 400, 800 என்று ஏறினாலும் கவலை இல்லை. ஃபோகஸ் மகரந்தத்தின்மேல் இருக்கட்டும். காற்று நிற்காது. ஆனால் இரண்டு வீச்சுக்கு நடுவே ஒரு கணம் ஓயும், பூ ஆடி முடித்து நிமிரும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து நான்கைந்து படம் தொடர்ச்சியாகத் தட்டுங்கள்.

நீலப் பாப்பி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கைவிட ஹேம்குண்ட் ஏறும் வழியில்தான் எனக்கு அது அதிகம் கண்ணில் பட்டது, பாறை இடுக்கில், தனியாக. பட்டுத் துணியைவிட மெல்லிய நான்கைந்து இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து, தண்டு முழுக்கச் சன்னமான முட்கள். தூறல் விட்டதும் பார்த்தால் முள் நுனியில் எல்லாம் ஒவ்வொரு துளி நிற்கும். எல்லோரும் பூவின் முகத்தை எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து அந்த முள்ளையும் துளியையும் எடுத்துப் பாருங்கள்.

பிரம்ம கமலம் வேறு மாதிரி. வெளிர்பச்சைத் தாள் சுற்றிய பொட்டலம் போல இருக்கும், ஊதா நிறப் பூக்கள் உள்ளே ஒளிந்திருக்கும். உத்தராகண்டின் மாநில மலர் அது. அதற்கு மட்டும் பின்னாலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்தால் நல்லது, அந்தத் தாள் விளக்கேற்றியது போல ஒளிரும். மேகம் கொஞ்சம் கலைகிற நேரத்தில் பூவுக்கு மறுபக்கம் போய் எடுங்கள். பறிக்காதீர்கள்.

கங்காரியாவிலிருந்து பள்ளத்தாக்குக்குப் போகும் காட்டுவழியில் நாகப்பாம்பு படமெடுத்த மாதிரி ஒரு பூ இருக்கும், கோப்ரா லில்லி. அங்கே வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓ 1600 வைத்து, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு எடுத்தால் போதும்.

நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டு இறங்க வேண்டாம். மிதிபடுவதும் பூதான், அது ஒரு காரணம். ஈரச்சரிவு வழுக்கும், அது இன்னொன்று. 1939-ல் தாவரங்கள் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் இங்கே சரிவில் வழுக்கி விழுந்துதான் இறந்தார், அவர் கல்லறை பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கிறது.

ஐந்தாம் படி: மலை

மலைக்கு இரண்டே விதி. ஒன்று, சூரியன் உங்களுக்கு உதிப்பதற்கு முன்பே சிகரத்துக்கு உதித்துவிடும், அதனால் உதயத்துக்கு அரை மணி முன்பே போய் நிற்க வேண்டும். பழகிப் பார்க்க நல்ல இடம் சோப்தா பக்கம் இருக்கும் தேவரியா தால். சாரி கிராமத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏற்றம், சுமார் 2,400 மீட்டரில் ஒரு ஏரி, எதிரே 7,138 மீட்டர் உயரச் சௌகம்பா. முதலில் எல்லாம் நீலமாகக் கிடக்கும். திடீரென்று உச்சியில் மட்டும் ஒரு புள்ளி சிவக்கும், அது வழிந்து இறங்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெறும் வெள்ளை ஆகிவிடும். காற்று எழும்புவதற்கு முன்னால் தண்ணீர் அசையாது, பிரதிபலிப்பு அப்போதுதான் கிடைக்கும். சிகரத்தைத் தொட்டு எக்ஸ்போஷர் வையுங்கள், கரை இருட்டாகட்டும், பரவாயில்லை.

இரண்டு, எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் திணிக்காதீர்கள். அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸ் மலையைச் சின்ன மேடாக்கிவிடும். ஜூம் செய்து ஒரு சிகரம், ஒரு முகடு, ஒரு பனியாறு என்று துண்டாக எடுங்கள். கூடவே ஒரு தேவதாரு மரமோ, கோயில் கோபுரமோ, கம்பளி போர்த்திய ஆளோ சின்னதாக இருந்தால்தான் மலை எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவருக்குப் புரியும்.

ஓடை, அருவிக்கு ஒரு வரி போதும்: கேமராவைக் கல்லில் வைத்து அரை விநாடி ஷட்டர், இரண்டு விநாடி டைமர்.

ஆறாம் படி: பூவும் மலையும் இல்லாத நேரம்

எனக்கு இப்போதெல்லாம் இதுதான் அதிகம் பிடிக்கிறது. முதுகில் கூடை கட்டி ஆளையே சுமந்து ஏறும் கண்டிக்காரர்கள், கோவேறு கழுதையின் கழுத்து மணி, பலகைக்கல் கூரை, செப்டம்பரில் மலைவயல்களில் சிவந்து நிற்கும் கீரைத்தண்டுக் கதிர், புல்லுக்கட்டு சுமந்து வரும் பெண்கள். கட்டுக்குக் கீழே இரண்டு கால் மட்டும் நடந்து வருவது போலத் தெரியும். அதை முதுகுப்பக்கமிருந்து திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். "தீதி, ஏக் ஃபோட்டோ?" (அக்கா, ஒரு படம்?) என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். சரி என்றால் முதல் படத்தில் விறைப்பாக நிற்பார்கள், எடுத்துக் காட்டுங்கள், சிரிப்பார்கள், இரண்டாவதை அப்போது எடுங்கள்.

டீக்கடை ஆவி எடுக்க ஒரு வழி. சாயங்கால வெளிச்சம் கடைக்குள் எங்கிருந்து வருகிறதோ அதற்கு எதிரே உட்காருங்கள், ஆவி உங்களுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே இருக்க வேண்டும், அதன் பின்னால் கரிபிடித்த சுவர் மாதிரி இருட்டாக ஏதாவது வேண்டும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். ஆவி ஒவ்வொரு இழையாகத் தெரியும்.

கங்காரியாவில் ஒரு கடைக்காரம்மாவை அப்படித்தான் எடுத்தேன். பாத்திரத்திலிருந்து தம்ளருக்கு உயரத்தூக்கி ஊற்றச் சொல்லி, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று படுத்தி எடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் போனபோது பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு படத்தின் ஓரத்தில், அடுப்பிலிருந்த பாத்திரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இதோ பார், பால் பொங்குகிறது. ஒரு லிட்டர் போச்சு அன்றைக்கு, உன்னால்தான்."