மஞ்சள் நோட்டீஸ் வந்தால் கடன் கொடுத்தவர் செய்யக்கூடாதவை

கடன் வாங்கிய கடைக்காரர் ‘மஞ்சள் நோட்டீஸ்’ அனுப்பிவிட்டார் என்றதும் பலர் பணத்தைத் தலைமுழுகிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். வந்திருப்பது தீர்ப்பு அல்ல. ‘என்னை நொடித்தவன் என்று அறிவியுங்கள்’ என்று அவர் சப் கோர்ட்டில் போட்ட ஐ.பி. மனுவின் (நொடிப்பு மனுவின்) அறிவிப்பு மட்டுமே. சென்னைக்கு வெளியே இது 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி நடக்கிறது. சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம். உங்கள் பில் ‘பிரைவேட் லிமிடெட்’ பெயரில் இருந்தால் பாதையே வேறு. அது 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டமும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயமும். இங்கே சொல்வது சென்னைக்கு வெளியே தனி ஆள் நடத்தும் வியாபாரம் பற்றி.

அடுத்த தவறு, ‘ஐ.பி. முடியட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருப்பது. இதில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். 10-6-2022 தேதியிட்ட, கேட்டபோது தரவேண்டிய புரோநோட் ஒன்று இருக்கிறது. இடையில் வரவு எதுவும் இல்லை. 2025 ஜனவரியில் நோட்டீஸ் வருகிறது. புரோநோட்டின் மேல் வழக்குப் போட இருக்கும் மூன்று ஆண்டுக் கெடு 10-6-2025-இல் முடியும். ஐ.பி. மனு நிலுவையில் இருப்பதால் அந்தக் கெடு நிற்காது. நொடித்தவர் என்று உத்தரவாகி, பிறகு அந்த உத்தரவு ரத்தானால், அந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலத்தை மட்டுமே சட்டம் கழித்துத் தருகிறது. மனு போட்ட நாளிலிருந்து உத்தரவு வரை ஓடிய மாதங்கள் உங்கள் கணக்கில்தான் போகும். மனு 2026-இல் தள்ளுபடியானால் கையில் இருப்பது வெறும் காகிதம். உத்தரவு வரும்வரை பண வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை, போட்டுவிட வேண்டும். உத்தரவு வந்தபின் என்றால் நொடிப்பு நீதிமன்றத்தின் அனுமதி வாங்கித்தான் போட முடியும். செக் வழக்கும் இதற்காகக் காத்திருக்காது: செக் திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார்.

விசாரணைத் தேதியில் ஆஜராகாமல் இருப்பது மூன்றாவது தவறு. மனுவின் நகலை வாங்கி, கடன் பட்டியலையும் சொத்துப் பட்டியலையும் வரி வரியாகப் பாருங்கள். உங்கள் 5 லட்சம் 2 லட்சமாகக் குறைந்திருக்கலாம். மைத்துனர் பெயரில் திடீரென்று 10 லட்சம் முளைத்திருக்கலாம். சொத்துப் பட்டியலில் பழைய ஸ்கூட்டரும் நாலு நாற்காலியும் மட்டும் இருந்தால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் மனைவிக்கு எழுதிய தான செட்டில்மென்ட்டை ரத்து செய்ய வழி இருக்கிறது. அதை அபிஷியல் ரிசீவர், அதாவது நொடித்தவரின் சொத்தைக் கையில் எடுத்து நிர்வகிக்கும் அதிகாரி, கேட்க வேண்டும். அவர் மறுத்தால், நீதிமன்ற அனுமதியோடு கடன் கொடுத்தவரே கேட்கலாம்.

‘நான் ஏற்கெனவே சொத்தை அட்டாச் (ஜப்தி) செய்துவிட்டேன், எனக்குத்தான் முதலில்’ என்ற நம்பிக்கையும் தவறு. ஐ.பி. மனு கோப்பில் ஏற்கப்படுவதற்கு முன் ஏலம் போய் வசூலான பணம்தான் உங்களுடையது. வெறும் ஜப்தி முன்னுரிமை தராது. அடமானம் வைத்திருப்பவர் நிலை வேறு. அவர் தன் ஈட்டுச் சொத்திலிருந்து வசூலித்துக்கொள்ளலாம்.

உத்தரவானபின் கடனை அஃபிடவிட் மூலம் நிரூபிக்காவிட்டால், அவர் சொத்தைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தரும் பங்கீட்டில் பெயர் இருக்காது. புரோநோட்டில் 24 சதவீதம் எழுதியிருந்தாலும் பங்கீட்டுக்கு வட்டி 6 சதவீதம்தான் கணக்கு. வேலையாளின் சம்பளத்துக்கு அதே சட்டம் தரும் முன்னுரிமை மொத்தம் 20 ரூபாய். 1920-இன் வாசனை இன்னும் போகவில்லை.

ரகசிய செட்டில்மென்ட்தான் மிக ஆபத்தானது. ‘ரூபாய்க்கு 40 பைசா தருகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்பார். உத்தரவு வந்தால் அதன் விளைவு மனு போட்ட நாளுக்கே பின்னோக்கிப் போகும். நோட்டீஸ் உங்கள் கையில் இருப்பதால் ‘எனக்கு மனு பற்றித் தெரியாது’ என்றும் சொல்ல முடியாது. அவர் சொத்திலிருந்து வாங்கியதை ரிசீவர் திருப்பிக் கேட்பார். கடை ஷட்டரைத் திறந்து சரக்கை ஏற்றிப்போவது இன்னும் மோசம். அதற்குத் திருட்டு வழக்கும் சேரும்.

சமரசம் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, உத்தரவுக்குப் பிறகு நீதிமன்றத்தில் வைக்கும் சமரசத் திட்டம்: கடனை நிரூபித்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும், தொகையில் நாலில் மூன்று பங்கும் சம்மதிக்க வேண்டும், பிறகு நீதிபதி ஏற்க வேண்டும். மற்றொன்று, மாமனாரோ மகனோ தன் சொந்தப் பணத்தைத் தன் வங்கிக் கணக்கிலிருந்து தருவது. ஒப்பந்தத்தில் அதை அப்படியே எழுதுங்கள்.

ஜாமீன்தாரர் இருந்தால் அந்த ஒப்பந்தத்தில் அவர் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். அவரைக் கேட்காமல் கடனாளியோடு குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டால் அவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுவார். தவணை தவறினால் முழுக் கடனும் மீண்டும் உயிர்பெறும் என்று ஒரு வரி இருக்கட்டும். கெடு முடியும் முன் கடனாளியே கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று ஆண்டு அந்த வரவிலிருந்து புதிதாக ஓடும். அசல் புரோநோட்டைக் கடைசித் தவணை வங்கியில் பாஸான பிறகே திருப்பிக் கொடுங்கள்.