அடுத்தடுத்த பகா எண்களின் இடைவெளியில் பகாக் காரணிகளைப் பங்கிடும் முறை

7, 11 என்னும் அடுத்தடுத்த பகா எண்களுக்கு நடுவே 8, 9, 10 ஆகிய மூன்று பகு எண்கள் உள்ளன. இவற்றுக்கு முறையே 2, 3, 5 எனத் தத்தம் பகாக் காரணிகளுள் ஒன்றை, எதுவும் இருமுறை வராமல் ஒதுக்கிவிடலாம். இத்தகைய ஒதுக்கீடு எல்லா இடைவெளிகளிலும் இயலும் என்று 1969-இல் சி. ஏ. கிரிம் ஊகித்தார். அவ்வூகம் இன்னும் நிறுவப்படவில்லை என்றாலும், குறிப்பிட்ட ஓர் இடைவெளியில் அதனைத் தாளும் பென்சிலும் கொண்டே சரிபார்க்கலாம்.

113-க்கும் 127-க்கும் இடைப்பட்ட, 114 முதல் 126 வரையுள்ள 13 எண்களை எடுத்துக்கொள்வோம். 13-இன் வர்க்கம் 169 ஆதலால், ஒவ்வோர் எண்ணையும் 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் இயன்றவரை வகுத்தபின் எஞ்சுவது 1 ஆகவோ ஒரு பகா எண்ணாகவோதான் இருக்கும்.

பலரும் இடமிருந்து தொடங்கி, கிடைக்கும் மிகச்சிறிய காரணியைக் கொடுத்துக்கொண்டே செல்வர். இது தவறான வழி. 114-க்கு 2, 115-க்கு 5, 117-க்கு 3 என்று கொடுத்துவிட்டால், 2³ × 3 × 5 ஆகிய 120-க்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

பெரிய காரணிகளிலிருந்து தொடங்குவதே சரி. தொடர்ச்சியான 13 எண்களில், 13 அல்லது அதைவிடப் பெரிய எந்தப் பகா எண்ணும் ஒன்றுக்கு மேற்பட்டதை வகுக்காது. ஆகவே அத்தகைய காரணி உள்ள எண்ணுக்கு அதையே தயங்காமல் கொடுத்துவிடலாம். 114-க்கு 19, 115-க்கு 23, 116-க்கு 29, 117-க்கு 13, 118-க்கு 59, 119-க்கு 17, 122-க்கு 61, 123-க்கு 41, 124-க்கு 31 என ஒன்பது எண்கள் போட்டியின்றி விலகிக்கொள்கின்றன. இவ்வளவு எளிதாகச் சிக்கல் சுருங்குவதுதான் இம்முறையின் அழகு.

எஞ்சிய 120, 121, 125, 126 ஆகிய நான்குக்கும் 2, 3, 5, 7, 11 ஆகிய ஐந்தே உள்ளன. ஒரே வழியுடைய எண்களை முதலில் முடிக்க வேண்டும்: 121 என்பது 11², 125 என்பது 5³, எனவே அவற்றுக்கு 11, 5. பிறகு 126-க்கு 7, 120-க்கு 2.

வேறோர் இடைவெளியில் முட்டுக்கட்டை வந்தால், அது வரிசையின் பிழையா, உண்மையான தடையா என்பதை 1935-இல் பிலிப் ஹால் நிறுவிய தேற்றம் காட்டும்: எந்தச் சில எண்களைச் சேர்த்தெடுத்தாலும், அவற்றின் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை அவ்வெண்களின் எண்ணிக்கைக்குக் குறையாதிருந்தால் பங்கீடு உறுதியாக உண்டு. அத்தகைய தடையுள்ள இடைவெளி ஒன்றேனும் கண்டுபிடிக்கப்பட்டால் கிரிமின் ஊகம் வீழ்ந்துவிடும். சாந்தா லைஷ்ராமும் டி. என். ஷோரியும் 2006-இல் 1,900 கோடி வரை சரிபார்த்தும் அப்படி ஒன்று அகப்படவில்லை. ஊகம் மெய்யானால், பகா எண்களின் இடைவெளிகள் இன்று நிறுவப்பட்டுள்ள வரம்புகளைவிட மிகச் சிறியவை என்பது பின்தொடரும் என்று 1971-இல் ஏர்டோசும் செல்ஃப்ரிட்ஜும் காட்டினர். நிறுவல் ஏன் இவ்வளவு கடினமாக உள்ளது என்பதற்கு இதுவே விளக்கம்.

அடுத்து 523, 541 இடைவெளியை முயன்று பார்க்கலாம். 17 பகு எண்களுள் 525, 528, 539, 540 ஆகிய நான்கு மட்டுமே போட்டிக்கு நிற்கும்.