"அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்": இறுதிக்கட்டச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோய் குணமாகாது என்று தெரியவந்த அன்றே, பல குடும்பங்களில் மூத்த மகனோ மகளோ மருத்துவரை வெளியே தனியாக அழைத்து, "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்" என்று கெஞ்சுவது வழக்கம். அன்பினால் வரும் வேண்டுகோள்தான் அது. ஆனாலும் யோசிக்காமல் அதற்குத் தலையசைத்துவிடுவதையே நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். நான் அறிந்த முதியவர் ஒருவர், பகலெல்லாம் பிள்ளைகளிடம் "சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, நள்ளிரவில் குளுக்கோஸ் பாட்டிலை மாற்ற வந்த செவிலியரின் கையைப் பிடித்து, "தை மாதம் பேத்திக்குக் கல்யாணம், அதுவரைக்கும் இருப்பேனா அம்மா?" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

இதற்காக உண்மையை அவர் முன் போட்டு உடைக்க வேண்டும் என்பதில்லை. "உங்கள் உடம்புக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று நோயாளியிடமே கேட்பதுதான் முறை. "எல்லாவற்றையும் மகனிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய முடிவே.

"இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்ற வாக்கியத்தை மருத்துவர்கள் அறவே விட்டுவிட வேண்டும். வலி, மூச்சுத்திணறல், குமட்டல், உறக்கமின்மை ஆகிய ஒவ்வொன்றையும் தணிக்க வழி உண்டு. கடும் வலியைத் தணிக்கும் 'மார்பின்' என்ற மருந்தைக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், உயிர் சீக்கிரம் போய்விடும் என்ற அச்சத்தில் அதைத் தள்ளிப்போடுவதும் தவறே. குறைந்த அளவில் தொடங்கி, கண்காணித்துக் கூட்டிச் செல்லும்போது அது பாதுகாப்பான மருந்து. மலச்சிக்கலுக்கான மருந்தை மட்டும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறொரு தவறு நடக்கிறது. "வென்டிலேட்டர் வைக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டு, கையெழுத்துக்குத் தாளை நீட்டுகிறோம். வேண்டாம் என்றால் தகப்பனைக் கொன்ற பழி தன்மேல் விழும் என்று பிள்ளை நடுங்கத்தான் செய்வார். மருத்துவ நிலையை விளக்கி, "அவரால் பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டு, அதன்பின் தன் பரிந்துரையை மருத்துவரே வாய்விட்டுச் சொன்னால், அந்தச் சுமையில் பாதி இறங்கும்.

பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவது சட்டப்படி குற்றம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். கண்ணியத்தோடு இறப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கியது. நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, ஒருவர் தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். சிகிச்சையை விலக்குவதற்கு முன் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும்.

இந்த வழி இருக்கும்போதே, "மருத்துவர் சொல்லை மீறி அழைத்துச் செல்கிறோம்" என்று குடும்பத்திடம் எழுதி வாங்கிக்கொண்டு நோயாளியை அனுப்பிவிடும் பழக்கம் தொடர்கிறது. வென்டிலேட்டர் குழாய் அகற்றப்பட்டு, மார்பின் மருந்து இல்லாமல், ஆம்புலன்ஸிலேயே மூச்சுக்குத் தவித்து அவர் இறக்கிறார். வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால், வலிக்கும் மூச்சுத்திணறலுக்குமான மருந்துகளை முன்பே கையில் கொடுத்து, எப்போது எவ்வளவு தருவது என்பதை எழுதிக் காட்டி, இரவில் அழைத்தால் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும் தந்து அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் வலி தணிப்புச் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள் என்ற செய்தியையும் அந்தக் குடும்பத்துக்கு அன்றே சொல்லிவிட வேண்டும்.