கட்டுரைக்குப் பணம் கட்டும் முன் நூலகரைப் பாருங்கள்

ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் சுருக்கம் மட்டும் தெரிகிறது, கீழே டாலரில் விலை கேட்கிறதா? அவசரப்பட்டு அட்டையை எடுக்காதீர்கள். நீங்கள் அரசுப் பல்கலைக்கழகத்திலோ அரசுக் கல்லூரியிலோ படிப்பவர் என்றால், அந்த இதழுக்கு உங்களுக்காக ஏற்கெனவே அரசு பணம் கட்டியிருக்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள் அடங்கும்.

வளாக இணையத்தில் இவை நேரடியாகத் திறக்கும். வெளியிலிருந்து படிக்க ‘இன்ஃபெட்’ (INFED) என்ற உள்நுழைவுக் கணக்கு வேண்டும்; நூலகத்தில் கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன்பே வாங்கிவிட்டால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தும் முழுக் கட்டுரையையும் இறக்கிக்கொள்ளலாம். இவ்வளவு பெரிய வசதி பலருக்குத் தெரியாமலே கிடப்பதுதான் எனக்கு ஆற்றாமை. நூலகம் மின்வளப் பயிற்சி வகுப்பு அறிவித்தால் தவறவிடாதீர்கள். மடிக்கணினியோடு போய், உங்கள் தலைப்பையே அங்கு தேடிப் பாருங்கள்.