கிரேடு 1 ஃபேட்டி லிவர்: சுகர்காரர்கள் செய்யும் தவறுகள்

“ராத்திரி ரெண்டே சப்பாத்திதான். காலையில பாஸ்டிங் 140 காட்டுது.” வண்ணாரப்பேட்டையில் எந்த லேப் வாசலில் நின்றாலும் கேட்கும் புலம்பல் இது. சப்பாத்தி மேல் பழி போடாதீர்கள். விடிய விடிய சர்க்கரையை ரத்தத்தில் கொட்டியது கல்லீரல்.

கல்லீரலின் நுண் ரத்தக்குழாய்களில் குப்ஃபர் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் காவல் இருக்கின்றன. குடலிலிருந்து வரும் ரத்தத்தில் கிருமி இருந்தால் பிடித்து விழுங்குவது இவற்றின் வேலை. கல்லீரலில் கொழுப்பு ஏறினால் (இதுதான் ஃபேட்டி லிவர்; ஸ்கேனில் ஆரம்ப நிலை என்றால் கிரேடு 1) இவை சீண்டப்பட்டு, ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களையும் துணைக்கு இழுக்கின்றன. இந்தக் கூட்டம் கக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களால், ‘போதும், சர்க்கரையை நிறுத்து’ என்று இன்சுலின் சொல்வது கல்லீரலுக்கு எடுபடுவதில்லை.

இது புரியாமல் ‘எதிர்ப்பு சக்தியை ஏற்றுகிறேன்’ என்று கஷாயம் குடிப்பதுதான் பெரிய தவறு. இங்கே காவலுக்குப் பஞ்சமில்லை. காவல் மிஞ்சியதுதான் வியாதி. எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில்கொடி சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள்.

அடுத்தது, காசிமேட்டு மீன் குழம்பை நிறுத்திவிட்டு பாட்டில் ஜூஸுக்கு மாறுவது. ஜூஸிலுள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலிலேயே கொழுப்பாகிறது. மீன் மேல் தப்பில்லை.

ஒல்லியாக இருப்பவருக்கு ஃபேட்டி லிவர் வராது என்பதும் தப்புக் கணக்கு. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்துப் பாருங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனம் வேண்டும். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். 80 கிலோ ஆளுக்கு சுமார் 6 முதல் 8 கிலோ. வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளவென இறக்கினால் அழற்சி கூடவும் செய்யும்.

‘எஸ்ஜிபிடி (ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் என்சைம்) நார்மல்’ என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபிப்-4 என்று பெயர்; கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று ஊகிக்க உதவும். வயதை எஸ்ஜிஓடியால் (இன்னொரு என்சைம்) பெருக்குங்கள். பிளேட்லெட்டை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் வகுங்கள். வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1.6 லட்சம் என்றால்: 2496-ஐ 960-ஆல் வகுக்க, விடை 2.6. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில், 160 என்று போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 1.3-க்குக் கீழே என்றால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு குறைவு. 2.6 வந்தவர், எஸ்ஜிபிடி 36-தான் என்றாலும், டாக்டரிடம் கேட்டு, தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.