நாற்பத்தைந்து வயதில் விவசாயத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பள வேலையை விட்டுவிட்டு விவசாயம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக நிலம் வாங்கிவிடுகிறார்கள். கடைசியில் செய்ய வேண்டிய வேலை அது. பி.எஃப். பணமும் சேமிப்பும் கிரயத்துக்கே போய்விட்டால், அப்புறம் போர்வெல் போடவும் கூலி கொடுக்கவும் எதை வைத்துச் சமாளிப்பது?

வேலையில் இருக்கும்போதே, அடிக்கடி போய்வர முடிகிற ஊரில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஒரு முழு வருஷம் பயிர் வைத்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைக்கிறார்களா, அறுத்ததை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். உங்கள் உடம்பு இதற்கு ஒத்துழைக்கிறதா என்பதும்தான்.

சரி, நிலம் வாங்கியே தீருவது என்றால் மார்கழியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழை முடிந்த கையோடு எல்லா நிலமும் அழகாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் நீங்கள் நினைத்த பயிர் அங்கே வராமல் போகலாம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கிறவர்கள்கூட வண்டிப்பாதையைக் கோட்டை விடுகிறார்கள். பாதை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கத்து நிலத்துக்காரரின் தயவில் நடக்கிறதா? கூட்டுக் கிணறு என்றால் உங்கள் முறைத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை? இந்த இரண்டையும் ஊரில் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

வருமானக் கணக்கில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. நெட்டை ரகத் தென்னை காய்க்க 6 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இயற்கை விவசாயச் சான்று வேண்டுமென்றால், பொதுவாக ஆண்டுப் பயிருக்கு 2, மரப்பயிருக்கு 3 ஆண்டுகள், ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு வருவதற்கான மாறுதல் காலம் உண்டு. அது முடியும்வரை இயற்கை விளைபொருள் என்ற சான்றோடு விற்க முடியாது. ஆகவே குறைந்தது மூன்று வருஷத்துக்கான வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். பாரம்பரிய நெல் மீது ஆசைப்பட்டு மாப்பிள்ளைச் சம்பா போடுகிறவர்கள், அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டு விலைதான் என்பதை அறுவடைக்கு அப்புறம் தெரிந்துகொள்கிறார்கள். அரிசியாக்கி நேரடியாக விற்க ஆள் பிடிப்பது நாற்றங்காலுக்கு முன்பே நடக்க வேண்டிய வேலை.

மருத்துவக் காப்பீட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே இருந்தால், புதிய பாலிசியில் அதற்கு 3 ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். வேலையில் இருக்கும்போதே தனி பாலிசி எடுத்தால் அந்தக் காலம் சம்பளம் வரும் நாட்களிலேயே ஓடிவிடும். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். சில மாதங்கள்தான் குறைகிறது என்றால் முடித்துவிட்டே கிளம்புங்கள்.

மனைவியோ கணவரோ பிள்ளைகளோ ஊருக்கு வர மனமில்லாமல் இருந்தால், முடிவெடுத்துவிட்டுச் சம்மதம் கேட்பது நியாயமில்லை. இது உங்கள் ஆசை. அதன் பாதிச் சுமை அவர்கள் தலையில் இறங்கும். அவர்கள் மனம் ஒப்பும்வரை குத்தகை நிலத்தோடு, வாரக் கடைசிகளோடு இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.